எளியவை என்று விட்டவை



அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தடித்த நூலொன்றுடன் என் இல்லம் வந்தார். கணினியின் இயக்க முறைமையை எழுதும் முறையை விளக்கும் உயர்நிலை நூல் அது. “பத்துப் பக்கங்களுக்கு மேல் செல்ல இயலவில்லை, ஐயா” என்றார். “இரும எண்களைக் கற்றாயா, தம்பி?” என்று கேட்டேன். “அவை எளியவை என்று விட்டுவிட்டேன்” என்றார். அவர் விட்டுவிட்ட அந்த எளியவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாம் நாள்தோறும் கையாளும் நிரல்கள் யாவும் இயக்க முறைமை என்னும் அடித்தளத்தின்மீது நிற்பவை. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. அதனை எழுதுவோர் பொறியோடு நேரே உறவாடுகின்றனர். ஆதலின் அவர்கள் மூன்று செய்திகளை ஐயமற அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, எண்ணின் எல்லை. கணினி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. அவற்றுள் ஒன்று அமரும் இடம் பிட் எனப்படும். 16 பிட்களில் 65,536 வேறுபட்ட மதிப்புகளையே குறிக்கலாம். குறை எண்களும் வேண்டுமாயின், -32,768 முதல் 32,767 வரையே இடமுண்டு. நம் மனத்தில் எண்ணுக்கு எல்லையில்லை, பொறியில் உண்டு.

இரண்டாவது, பொருள். 01000001 என்னும் எட்டுப் பிட்களை எண்ணாகப் படித்தால் 65; ஆஸ்கி முறைப்படி எழுத்தாகப் படித்தால் ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்து. பிட்களுக்குத் தாமாகப் பொருளில்லை. படிக்கும் முறையே பொருளைத் தருகிறது.

மூன்றாவது, இடம். நினைவகம் வரிசை எண்ணிட்ட வீடுகள் நிறைந்த நெடுந்தெரு போன்றது. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில், அவ்வீட்டு எண்ணையே ஒரு மதிப்பாகக் கையாளலாம். அதற்குச் சுட்டி என்று பெயர். தவறான வீட்டில் நுழைந்து எழுதினால், அங்கிருந்த செய்தி அழியும்.

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் என்று எண்ணற்க. 1996 ஜூன் 4 அன்று, தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. ஏறத்தாழ 40 வினாடிகளில் நெறி பிறழ்ந்து சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம் யாது? 64 பிட்களில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்களில் அடக்க முயன்றது திசை காட்டும் கருவியின் நிரல். எண் அடங்கவில்லை, கருவி நின்றது. அதே நிரலைக் கொண்ட துணைக் கருவியும் நின்றது. நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைத் தலைமைக் கணினி பறக்கும் திசையைக் கூறும் தரவாகப் படித்து, ராக்கெட்டைத் திருப்பிற்று. நாம் கண்ட முதலிரண்டு பாடங்களும் அங்கே ஒருங்கே பிழைத்தன அன்றோ?

அந்நிரலை எழுதியோர் கல்லாதவர் அல்லர். ஏரியான் 4 ராக்கெட்டில் பிழையின்றி நடந்த நிரல் அது. அதன் பயணத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததில்லை. கற்றோரே சறுக்கிய இடத்தில், கல்லாமல் கால் வைக்கலாமா?

ஆகவே, தாளும் எழுதுகோலும் கொண்டு இரும எண்களைப் பழகுங்கள். சி மொழியில் சிறு நிரல்கள் எழுதுங்கள். அவை பொறியின் கட்டளைகளாக மாறுவதை ஒருமுறையேனும் கண்ணால் காணுங்கள். பின்னர் அத்தடித்த நூலைத் திறவுங்கள். பதினோராம் பக்கமும் விளங்கும்.