புறநகர்க் கிராமத்தின் வளர்ச்சியும் வருவாயும்

அமெரிக்காவின் சிகாகோ மாநகர மையத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஷாம்பர்க். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 78,723. பல மாடி அலுவலகங்களும் மிகப் பெரிய வணிக வளாகமும் அகன்ற நெடுஞ்சாலைகளும் கொண்ட இவ்வூர், சட்டப்படி இன்றும் ஒரு 'கிராமம்' என்பது நமக்கு வியப்பளிக்கும். இல்லினாய் மாநிலத்தில் 'கிராமம்' என்ற பெயர் ஊரின் அளவைக் குறிப்பதன்று. ஆட்சி முறையைக் குறிப்பது. மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரும் ஆறு உறுப்பினர்களும் கொண்ட மன்றம் முடிவுகளை எடுக்கிறது. அன்றாட நிர்வாகத்தை அம்மன்றம் நியமிக்கும் மேலாளர் கவனிக்கிறார்.

வளரும் ஊருக்குச் சாலை, குடிநீர், கழிவுநீர் வடிகால், காவல், தீயணைப்பு ஆகியவற்றை அமைத்துத் தரும் செலவை யார் ஏற்பது? உள்ளாட்சிப் பொருளாதாரத்தின் இந்த அடிப்படை வினாவுக்கு ஷாம்பர்க் கண்ட விடையும், அவ்விடை பின்னர் அடைந்த சோதனையும் ஆராயத்தக்கவை.

விளைநிலத்திலிருந்து வணிக மையம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியக் குடியானவர்கள் இப்பகுதியில் குடியேறினர். கரிய வளமான மண்ணில் பயிர்த்தொழிலும் பால் பண்ணையும் ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைத்திருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாநகர மக்கள் புறநகரை நாடத் தொடங்கினர். ஓஹேர் விமான நிலையமும் புதிய விரைவுச் சாலைகளும் இவ்வட்டாரத்தின் நில மதிப்பை உயர்த்தின. அண்டைப் பகுதியில் கட்டட நிறுவனங்கள் வீடுகளை எழுப்பிக் கொண்டிருந்த நிலையில், தங்கள் நிலத்தின் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று ஷாம்பர்க் மக்கள் கருதினர். 1956-ம் ஆண்டில் கிராமம் முறைப்படி அமைக்கப்பட்டது. அப்போது அங்கு வாழ்ந்தோர் 130 பேரே.

அதன் பின்னர் ஏற்பட்ட வளர்ச்சி மிக விரைவானது. 1960-ல் 986 ஆக இருந்த மக்கள் தொகை 1970-ல் 18,000-ஐயும், 1980-ல் 53,000-ஐயும் தாண்டியது. வானொலிப் பாடகராகப் புகழ் பெற்றிருந்த ராபர்ட் அட்சர் 1959 முதல் 1975 வரை தலைவராகப் பணியாற்றினார். வீடுகளுக்கு மட்டுமன்றி வணிகத்துக்கும் தொழிலுக்கும் இடம் ஒதுக்கும் திட்டம் அவர் காலத்தில் உருப்பெற்றது. 1971-ல் உட்பீல்டு வணிக வளாகம் திறக்கப்பட்டது. அது அந்நாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய வளாகங்களுள் ஒன்று. 1970-களிலேயே மோட்டரோலா நிறுவனமும் தன் தலைமையகத்தை இங்கு அமைத்தது.

சொத்து வரி இல்லாத கிராமம்

இல்லினாய் மாநிலத்தில் பொதுவான விற்பனை வரி 6.25 சதவீதம். இதில் ஒரு சதவீதப் புள்ளி, விற்பனை நடைபெறும் ஊரின் உள்ளாட்சியைச் சேரும். மேலும், 1970-ம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் 25,000-க்கு மேல் மக்கள் தொகை கொண்ட உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி அதிகாரம் வழங்கியது. இதனால் அவை தாமாகவும் கூடுதல் விற்பனை வரி விதிக்க இயலும்.

பொருள் வாங்குவோர் எந்த ஊரினராயினும், வரியின் பங்கு கடை அமைந்த ஊருக்கே செல்கிறது. ஆகவே உட்பீல்டு வளாகத்துக்கு வந்த வெளியூர் மக்கள் ஷாம்பர்க் சாலைகளுக்கும் காவலுக்கும் பணம் அளித்தனர் எனலாம். இதன் பயனாகக் கிராம மன்றம் தன் செலவுக்கென்று சொத்து வரி விதிக்காமலே அரை நூற்றாண்டுக்கு மேல் நிர்வாகத்தை நடத்தியது. ஆயினும், வீட்டு உரிமையாளர்கள் சொத்து வரியே செலுத்தவில்லை என்று இதற்குப் பொருளன்று. பள்ளி, பூங்கா, நூலகம் ஆகியவற்றுக்கெனத் தனித்தனி உள்ளாட்சி அமைப்புகள் உள்ளன. அவற்றுக்குரிய சொத்து வரியை அவர்கள் செலுத்தியே வந்தனர்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஓர் ஊரின் ஆதாயம் அண்டை ஊரின் இழப்பாகிறது. தம் மக்கள் வேற்றூரில் செலவிடும் பணத்துக்குரிய வரியைச் சிறிய ஊர்கள் பெறுவதில்லை. எனவே வணிக நிறுவனங்களை ஈர்க்க உள்ளாட்சிகளிடையே போட்டி எழுகிறது.

சோதனைக் காலம்

விற்பனை வரி வாணிபத்துடன் உயரும். வாணிபம் தளரும்போது தாழும். காவலர், தீயணைப்போர் ஊதியமும் சாலைப் பராமரிப்புச் செலவும் அவ்வாறு தாழ்வதில்லை. 2007-ம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பொருளாதாரப் பின்னடைவு இதனைத் தெளிவாக்கியது. வருவாய் குறைந்த நிலையில், கிராம மன்றம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சொத்து வரி விதிக்க நேர்ந்தது.

மற்றொரு சோதனை தொழில் துறையில் ஏற்பட்டது. மோட்டரோலா 2011-ல் இரு நிறுவனங்களாகப் பிரிந்தது. அவற்றுள் ஷாம்பர்க்கில் இருந்த மோட்டரோலா சொல்யூஷன்ஸ் தன் தலைமையகத்தை 2016-ல் சிகாகோ நகர மையத்துக்கு மாற்றியது. முன்னர் மாநகரை விட்டு வந்த நிறுவனங்கள் மாநகருக்கே திரும்பும் போக்கின் அடையாளம் இது. அந்நிலத்தின் ஒரு பகுதியில் சூரிச் காப்பீட்டு நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைமையகம் எழுந்தது. பெரிய நிறுவனம் ஒன்று வெளியேறினாலும், சாலையும் குடிநீரும் அமைந்த நிலம் மறு பயனுக்கு உதவும் என்பது இதனால் புலனாகிறது.

குடிநீர் விஷயத்தில் அண்டை ஊர்களுடன் போட்டியைவிட ஒத்துழைப்பே பயனளித்தது. நிலத்தடி நீரை நம்பியிருந்த வடமேற்குப் புறநகர்களில் ஷாம்பர்க் உள்ளிட்ட ஏழு ஊர்கள் கூட்டு அமைப்பொன்றை உருவாக்கி, 1985 முதல் மிச்சிகன் ஏரி நீரைச் சிகாகோவிடமிருந்து விலைக்குப் பெற்று வருகின்றன. ஏரியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை நீதிமன்ற ஆணை வரையறுத்துள்ள நிலையில், தனித்து நின்று இதனைச் சாதிப்பது ஓர் ஊருக்கு எளிதன்று.

நமக்குரிய படிப்பினை

நம் நாட்டிலும் மாநகரங்களைச் சுற்றியுள்ள ஊர்கள் இத்தகைய மாற்றத்துக்கு உள்ளாகி வருகின்றன. நகர்ப்புற இயல்பை அடைந்தும் சட்டப்படி நகராட்சி அமைப்பு இல்லாத 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2001-ல் 1,362 ஆக இருந்தன. 2011-ல் 3,894 ஆக உயர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை ஊராட்சிகளின் பொறுப்பில் இருந்தன. ஊர் நகரமாகிவிடுகிறது, நிர்வாகமும் நிதியும் கிராம அளவிலேயே நின்றுவிடுகின்றன.

அமெரிக்க முறையை அப்படியே பின்பற்ற இயலாது. நம் ஊராட்சிகளுக்கு விற்பனை வரியில் நேரடிப் பங்கு இல்லை. அவற்றின் சொந்த வருவாயில் வீட்டு வரி முக்கியமானது. எனினும் மூன்று கருத்துக்கள் பொதுவானவை. வயல் மனையாவதற்கு முன்பே பள்ளிக்கும் சாலைக்கும் தொழிலுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். ஒரே வருவாயை நம்பாமல், நிலையான சொத்து வரியும் பிற வருவாய்களும் இணைந்த அடித்தளம் வேண்டும். நீர், கழிவு போன்ற ஊர் எல்லையைக் கடந்த பணிகளில் அண்டை ஊர்கள் கூட்டாகச் செயல்பட வேண்டும்.

வரி இல்லாத வளர்ச்சி வாக்காளருக்கு இனிப்பானதே. ஆனால் செலவு மறைவதில்லை. பிறரிடமோ பிற்காலத்திடமோ அது தள்ளப்படுகிறது. ஷாம்பர்க் அந்தக் கணக்கைத் தீர்க்க நேர்ந்தபோது அதனிடம் வளமான வணிகமும் திறமையான நிர்வாகமும் இருந்தன. அத்தகைய வசதிகள் இல்லாத நம் புறநகர் ஊராட்சிகள், வளர்ச்சி தொடங்கும் கட்டத்திலேயே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.