மின்வில்லில் பிறக்கும் நுண்துகள்கள்

கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இரும்புக் கேற்றுகளும் வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கான யன்னல் கம்பிகளும் ஒட்டப்படும் பட்டறைகளைக் கடந்து செல்வோர், அந்த நீல ஒளி கண்ணிற் படாதவாறு முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஒளியுடன் எழும் புகையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், ஆய்வுகூடங்கள் பெருஞ்செலவில் தயாரிக்கும் நனோ துகள்களுக்கு அப்புகை நெருங்கிய உறவாகும்.

ஆகன் போன்ற சடத்துவ வாயு நிரம்பிய அறையில் உலோகக் கட்டியொன்றுக்கும் மின்வாய்க்குமிடையே மின்வில் மூட்டப்படுகின்றது. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவில் உலோகம் உருகி ஆவியாகின்றது. அந்த ஆவி குளிர்ந்த வாயுவுடன் மோதியதும் அணுக்கள் ஒன்றுதிரண்டு நுண்மணிகளாக ஒடுங்குகின்றன. அவற்றின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 100 நனோமீற்றர் வரையாகும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வருவதே ஒரு நனோமீற்றர். வாயுவின் அமுக்கம் கூடினால் மணிகளும் பருக்கும். வாயுவுடன் ஐதரசனைக் கலந்தால் ஆவியாதல் விரைவுபடும் என்பதை 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

கலப்புலோகமாயின் சிக்கல் எழுகின்றது. பித்தளையிலுள்ள நாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும். செம்போ ஏறத்தாழ 2,560 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே நாகமே முந்திப் பறக்கின்றது. கிடைக்கும் தூளில் அதன் பங்கு மிகும். எஞ்சிய குழம்பிற் செம்பு மிகும். பித்தளை உருக்குவோர் காணும் வெண்புகையும் இதுவே.

நாகமுலாம் பூசிய குழாயை ஒட்டும்போதும் அதுவே நிகழ்கின்றது. இங்கு அறையுமில்லை, ஆகனுமில்லை. ஆவி காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நாக ஒட்சைட்டாகி, சுவாசப்பையின் அடியாழம்வரை செல்கின்றது. சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் காணும். ஓரிரு நாளில் தணியும். விடுமுறை கழிந்த முதல்நாளில் கடுமையாக வருவதால் இதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயருண்டு. பால் அருந்தினாற் போதும் என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே நிலவுகின்றது. பால் செல்வது இரைப்பைக்கு. புகை செல்வது சுவாசப்பைக்கு.

காய்ச்சல் தணிந்துவிடும், வேறு கேடுகள் அவ்வாறல்ல. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒட்டுவேலைப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது.

நனோ தொழில்நுட்பத்துக்கென 2008இல் ஒரு நிறுவகத்தையே அமைத்த நாடு நம்முடையது. ஆய்வுகூடத்தில் இத்தூளை மூடிய அறையில், கையுறையணிந்தே கையாள்வர். பட்டறைத் தொழிலாளிக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைக்கின்றது, மூக்கிற்குக் கைக்குட்டைதான். துணியின் இழைகளுக்கிடையே இத்துகள்கள் தடையின்றி நுழையும். ஒட்டுமிடத்திலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், நுண்துகள் வடிகட்டியுள்ள முகமூடியும், ஒட்டுமுன் நாகமுலாமைச் சுரண்டியெடுக்கும் பழக்கமுமே அவருக்குத் தேவை.