லாஸ்ட் நேம் என்ன சார்?

ஏதோ ஓர் இணைய தளத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறீர்கள். முதல் பெட்டி ஃபர்ஸ்ட் நேம் கேட்கிறது. பெயரை டைப் செய்கிறீர்கள். அடுத்த பெட்டி லாஸ்ட் நேம். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இங்கேதான் நம்மில் பலர் ஒரு நிமிடம் நின்று விடுகிறோம். இனிஷியலைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை" என்கிறது. புள்ளியோடு போட்டால் "எழுத்துகள் மட்டுமே" என்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்திற்குப் போகவே விடுவதில்லை. கடைசியில் அப்பா பெயரை முழுதாக டைப் செய்து என்டர் தட்டுகிறோம்.

உலகம் முழுக்கக் கடை விரிக்கும் நிறுவனங்கள் உள்ளூர் வழக்கத்திற்கு ஏற்ப மாறிக் கொள்ளாமல் இல்லை. மெக்டொனால்ட்ஸ் 1996-ல் இந்தியாவிற்கு வந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டுத்தான் வந்தது. பிறகு உருளைக்கிழங்கு டிக்கியைப் பன்னுக்குள் வைத்துக் கொடுத்தது. நோக்கியா 2003-ல் கொண்டு வந்த 1100 மாடலில் டார்ச் லைட்டும் தூசி புகாத கீபேடும் இருந்தன. கரண்ட் போகும் ஊர்களை நினைத்துச் செய்த போன் அது. நம் சாப்பாட்டிற்கும் நம் இருட்டிற்கும் இப்படி வளைந்து கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் பெயர் என்று வந்தால், பெட்டி அப்படியே இருக்கிறது. வளைந்து கொடுத்தது நாம்தான்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், உண்டு. அந்தப் பெட்டிகளில் ஒன்றைச் செய்தவன் நான்!

"பிழை அல்ல"

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கான பதிவுப் படிவத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து, புள்ளியோ இடைவெளியோ கூடாது என்று கொடுத்திருந்தார்கள். டேட்டாபேஸில் அந்தக் காலத்தை 'நாட் நல்' என்று வைத்தேன். அதாவது அது காலியாக இருக்கவே முடியாது. சோதனைக்கு 'ஜான் ஸ்மித்' என்று கொடுத்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது.

எங்கள் டெஸ்டிங் குழுவில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் பிழை ஒன்றைப் பதிவு செய்தார். "என் சொந்தப் பெயரை வைத்து என்னால் பதிவு செய்ய முடியவில்லை." அதை எடுத்துப் பார்த்துவிட்டு "பிழை அல்ல, கேட்டபடிதான் செய்யப்பட்டுள்ளது" என்று எழுதி மூடி விட்டேன். என் பெயரும் அந்தப் படிவத்திற்குள் போகாது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பாஸ்போர்ட்டிற்கு ஒரு மாதிரி, அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு மாதிரி என்று பெயரை வெட்டி ஒட்டிப் பழகியிருந்தேன்.

பெட்டி எங்கிருந்து வந்தது?

ஐரோப்பா, அமெரிக்காவில் குடும்பப் பெயர் என்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. 1960-களில் ஐபிஎம் நிறுவனமும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' முன்பதிவு முறைதான் கம்ப்யூட்டரில் விமான டிக்கெட் பதியும் பழக்கத்தைப் பரவலாக்கியது. விமானப் பதிவுகளில் குடும்பப் பெயர் முதலில், ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர் என்ற வரிசை அன்று தொட்டு இன்று வரை இருக்கிறது. பிற்காலத்து சாஃப்ட்வேர்களும் அதே இரண்டு துண்டுகளை எடுத்துக் கொண்டன. போனில் ஒருவரின் முகவரியை இன்னொருவருக்கு அனுப்பும்போது போகிறதே 'விகார்ட்' என்ற சிறு ஃபைல், அதன் 1998-ம் ஆண்டுத் தரமும் பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்துக் கொடுக்கும் வரியைக் கட்டாயம் என்றது.

எம்எஸ் வேர்டின் ஆப்ஷன்ஸ் விண்டோவைத் திறந்து பாருங்கள். யூசர் நேம் என்பதற்குக் கீழே இனிஷியல்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். ஆகா, நம் இனிஷியலைக் கேட்கிறானே என்று நானும் ஒரு காலத்தில் மகிழ்ந்தேன். அது நம் இனிஷியல் அல்ல. ஜான் ஸ்மித் என்பதை ஜே.எஸ். என்று சுருக்கி, வேர்டு ஃபைலில் நீங்கள் எழுதும் குறிப்புகளுக்கு அடையாளமாக வைப்பதற்கு. ஒரே சொல், அங்கே ஒரு பொருள், இங்கே ஒரு பொருள்!

நம் ஊரில் 'கு. மணிமாறன்' என்றால் குமரேசன் மகன் மணிமாறன். மணிமாறனின் மகளுக்கு இனிஷியல் 'ம'. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இதைக் குடும்பப் பெயர் என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

அந்தக் கடைசி இடம் இங்கே காலியாக இருப்பது தற்செயலும் அல்ல. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக் கொள்வதைக் கைவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியாரும் தம் பெயரோடு இருந்த பட்டத்தை விட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டின் பள்ளிப் பதிவேடுகளிலும் சுவரொட்டிகளிலும் பெயரின் வால் உதிர்ந்தது. சாதி ஒழிந்து விட்டதா என்றால் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் சாதி தெரியாத ஒரு நிலையை இங்கே உண்டாக்கி வைத்தார்கள். என் படிவம் 'கட்டாயம்' என்று நட்சத்திரம் போட்டது அந்த இடத்தில்தான்.

அப்பாவின் டிக்கெட்

இது எனக்குப் புரிந்தது என் அப்பாவால். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போவதற்குத் தாமே டிக்கெட் போடுவேன் என்று விருதுநகர் வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்தவர், எனக்குப் போன் செய்தார்.

"ஏம்ப்பா, கடைசிப் பேருன்னு கேக்குதே, அதுக்கு என்ன போட?"

"தாத்தா பேரைப் போடுங்கப்பா."

"அது அவரு பேருல்ல? பறக்கப் போறது நான்தானே!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா பத்திரத்துல பேருக்குப் பின்னால ஒரு வால் இருக்கும். எங்கப்பா என்னையப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அத வெட்டி விட்டுட்டாரு. அதுக்குச் சொந்தக்காரங்ககிட்ட எவ்வளவு பேச்சு வாங்குனாரு தெரியுமா? இப்ப உன் கம்ப்யூட்டர் கேக்குதுன்னு திரும்ப ஒட்டவா?"

'உன் கம்ப்யூட்டர்' என்றது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தத் தளம் நான் எழுதியது அல்ல. ஆனால் அதே மாதிரி ஒன்றை எழுதியவன்தானே!

யாருடைய பெயர்?

நாம் எப்படியெல்லாம் மாறிக் கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். 2000-களின் கால் சென்டர்களில் இரவு வேலைக்குப் போனவர்கள் பலர் வாடிக்கையாளருக்காக வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சூட்டிக் கொண்டார்கள். அது காலையில் கழற்றி விடக்கூடிய பெயர். லாஸ்ட் நேம் அப்படி அல்ல, பாஸ்போர்ட் வரை ஏறி விடுகிறது. என் வெளிநாட்டுச் சகாக்கள் மரியாதையாகக் கடிதம் எழுதினால் 'மிஸ்டர்' என்று போட்டு என் அப்பாவின் பெயரை எழுதுகிறார்கள். செஸ் வீரர் ஆனந்தை உலகமே செல்லமாக 'விஷி' என்கிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர்! 2015-ல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியான சுந்தர் பிச்சை, பிறந்தபோது பிச்சை சுந்தரராஜன். முன்னால் நின்ற அப்பா பெயர் பின்னால் போய் நின்று கொண்டது. இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அப்பா பெயரையே லாஸ்ட் நேமாகப் பிறப்புச் சான்றிதழில் எழுதி விடும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை நாளை விமான நிலையத்தில் நிற்கக் கூடாதே என்ற கவலை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் தளர்த்தினார்கள். இதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் பதறியிருக்கும்!

கேட்டால் மாற்றுகிறார்கள்

பெட்டி கல்லில் செதுக்கியதா என்றால், இல்லை. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் சாதாரணம். சுகர்னோ, சுகார்த்தோ என்ற இரண்டு அதிபர்களுக்குமே ஒரே பெயர்தான். ஃபேஸ்புக் அந்த நாட்டு மக்களுக்கு ஒற்றைப் பெயரை அனுமதித்தது. இதைத் தெரிந்து கொண்ட நம் ஊர் இளைஞர்கள் 2010-களில் மொழியை இந்தோனேசிய மொழிக்கு மாற்றி, லாஸ்ட் நேம் இல்லாத கணக்கு வாங்கினார்கள். தன் பெயர் தனக்குக் கிடைக்க வேறு நாட்டவர் போல வேடம் போட வேண்டியிருந்தது.

ஐபோனின் கான்டாக்ட்ஸில் 'ஆட் ஃபீல்டு' என்பதைத் தொட்டால், பெயரின் உச்சரிப்பை எழுதத் தனிப் பெட்டி இருப்பதைக் காணலாம். ஜப்பானியப் பெயர்களை எழுத்தை மட்டும் பார்த்துச் சரியாகப் படிக்க முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. பெரிய சந்தை. பெட்டி வந்து விட்டது. நம் அப்பா இனிஷியலுக்கு அங்கே இடம் இல்லை. ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலம் சிறிய சந்தையா என்ன? நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்கள் பிழையை மூடி விட்டோம்.

தரங்களும் மாறுகின்றன. விகார்டின் 2011-ம் ஆண்டுப் பதிப்பில் முழுப் பெயர் மட்டுமே கட்டாயம், இரண்டாகப் பிரிப்பது விருப்பம். கூகுள் கணக்குத் தொடங்கும் பக்கத்திலும் லாஸ்ட் நேம் கட்டாயம் இல்லை. நம் ஆதாரில் பெயருக்கு ஒரே இடம்தான்.

நீங்கள் சாஃப்ட்வேர் எழுதுபவராக இருந்தால், அல்லது தெருமுனைக் கடைக்கு ஓர் ஆக்சஸ் டேட்டாபேஸ் செய்து கொடுப்பவராக இருந்தால், 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வையுங்கள். 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று இன்னொன்றை விருப்பமாக வையுங்கள். வரிசைப்படுத்த வேண்டுமானால் இனிஷியலுக்குத் தனிக் காலம் வையுங்கள். இல்லையென்றால் எக்செலில் மணிமாறன் 'கு' வரிசையில் போய் ஒளிந்து கொள்வார். விமான டிக்கெட் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸ்போர்ட்டில் இருப்பதற்கு மாறாக இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். பணம் கட்டும் முன் அவர்களிடமே கேட்டு விடுங்கள்.

நாங்களும் கேட்டோம். இரண்டு பெட்டியிலும் ஒரே பெயரைப் போடச் சொன்னார்கள். மதுரை விமான நிலையத்தில் அப்பாவின் போர்டிங் பாஸ் அவர் பெயர் இரண்டு முறை அச்சாகி வந்தது. அதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்தவர், "ஒரு தடவை சொன்னா அவங்களுக்குக் காது கேக்காது போல" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.