அலைச்சறுக்கு: எந்தக் கரை, எந்த மாதம்?

உளுந்தூர்பேட்டை ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நமக்குக் கடல் புதுசு. நாளை வேலைக்குப் போய், காசு சேர்த்து இலங்கைக்குச் சுற்றுலா போனால், முதலில் காற்றைப் பாருங்கள் என்பேன்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும். கிழக்கே அறுகம்பையிலோ அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலை சீராக எழும். பலகையில் பழகியவர்களுக்குக் கொண்டாட்டம்! நீச்சல் மட்டும் தெரிந்தவர்கள் நிலாவெளிப் பக்கம் புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை தெற்கே வெலிகம. அடியில் மணல், புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏத்த இடம்.

எங்கே போனாலும் ஒன்று: நீரோட்டம் உள்ளே இழுத்தா எதிர்த்து நீந்தாதீங்க. பலகையை விடாம, கரைக்கு இணையா நகர்ந்து வெளியே வாங்க. மெக்கானிக்ஸில் படித்த விசைக்கூறு அங்கே உயிர் காக்கும்!