விளையாட்டுலகில் ஒரு திகதி: யூலை 31

நாட்காட்டியிலே யூலை மாதம் 31 ஆந் திகதிக்கெனத் தனிச் சிறப்பு எதுவும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. மாதத்தின் கடைசி நாள். வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்செறியும் நாள். அவ்வளவே. ஆனால் விளையாட்டு வரலாற்றைப் பயில்வோர் இத்திகதியிலே சற்று நின்றுதான் அப்பாற் செல்வர். இலங்கையர் நிற்பதற்கோ தனிக் காரணமும் ஒன்றுண்டு.

1948 ஆம் ஆண்டு யூலை 31 ஆந் திகதி, சனிக்கிழமை. இலங்கை சுதந்திரமடைந்து ஆறு மாதங்கூட நிறையவில்லை. போரினால் நலிந்திருந்த இலண்டன் மாநகரிலே பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒலிம்பிக் விழா நடந்துகொண்டிருந்தது. வீரர் தங்குவதற்கெனப் புதிய மனைகள் எழுப்பப்படவில்லை. படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் அவர்கள் தங்கினர். உணவுப் பங்கீடு அப்பொழுதும் நீங்கவில்லை. அவ்விழாவிலேதான் இலங்கை முதன்முறையாகக் கலந்துகொண்டது. அன்று வெம்பிளி அரங்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் இறுதிப் போட்டி. ஓட வந்த அறுவருள் ஒருவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் ஒயிற்.

இவ்வோட்டத்தின் கடுமையை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. ஓடுபாதையை ஒருமுறை முழுவதும் சுற்றிவர வேண்டும். இடையிலே பத்துச் சட்டவேலிகள், ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். புறப்படுமிடத்திலிருந்து முதலாவது வேலிக்கு 45 மீற்றர். பின்னர் வேலிக்கு வேலி 35 மீற்றர். கடைசி வேலியைக் கடந்தபின் எல்லைக்கு 40 மீற்றர். வேலிகளுக்கிடையே இத்தனை அடி என எண்ணி வைத்தே வீரர் ஓடுவர். உடல் களைக்கக் களைக்க அடியின் நீளம் குறையும், கணக்குத் தவறும், தவறினாற் காலை மாற்றித் தாண்ட வேண்டும், அன்றேல் வேகத்தை இழக்க வேண்டும். வேகம், தாங்குதிறன், நிதானம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்க்காதவர் இதில் வெற்றி பெறுவதில்லை.

அமெரிக்கரான றோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். டங்கன் ஒயிற் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுவீடன் நாட்டு லார்சன் 52.2 செக்கனில் மூன்றாவதானார். ஒயிற்றுக்கு அப்பொழுது வயது 30. 1918 இல் பிறந்த அவர், வழக்கப்படி விழாக்கள் நடந்திருப்பின், 22 ஆம் வயதிலும் 26 ஆம் வயதிலும் ஒலிம்பிக் அரங்கில் ஓடியிருக்கலாம். 1940, 1944 ஆம் ஆண்டுகளின் விழாக்களைப் போர் விழுங்கிவிட்டது. அவரும் படைச் சேவையிலே இருந்தார். ஓட்டவீரனுக்கு உரிய நல்ல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருக்கு வாய்ப்புக் கிட்டியது என்பதை நினைக்கும்போது அந்த 51.8 செக்கனின் மதிப்பு இன்னும் உயர்கின்றது. 1950 இல் ஒக்லாந்து நகரில் நடந்த பிரித்தானிய சாம்ராச்சிய விளையாட்டு விழாவிலே 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் அவர் தங்கப் பதக்கமும் வென்றார்.

இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் எப்பொழுது கிடைத்தது? 2000 ஆம் ஆண்டில், சிட்னியில், 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்றார். முதலில் வெண்கலமாக இருந்த அது, முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனையின் வெற்றி ஊக்கமருந்துக் காரணத்தால் நீக்கப்பட்ட பின்னர் வெள்ளியாயிற்று. இடையே கழிந்தவை 52 ஆண்டுகள். ஒயிற்றின் பதக்கத்தினது அருமையை அவ்வாண்டுகள் எடுத்துரைக்கும். நாம் நம் இளைஞரை ஓடப் பழக்கிய விதத்தையும் அவையே எடுத்துரைக்கும். அவ்விரண்டாவது பதக்கத்தைக் காண ஒயிற் இருக்கவில்லை. 1998 இல் அவர் இங்கிலாந்திலே காலமானார்.

அதே சனிக்கிழமை, அதே அரங்கில், 100 மீற்றர் இறுதி ஓட்டமும் நடைபெற்றது. அதிலே வென்றவர் அமெரிக்கரான கரிசன் டில்லாட். உண்மையில் அவர் 110 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் நிகரற்றவராகக் கருதப்பட்டவர். ஆயினும் தமது நாட்டுத் தெரிவுப் போட்டியில் வேலிகளில் இடறி ஓட்டத்தை முடிக்காமலே நின்றுவிட்டார். 100 மீற்றரில் மட்டும் மூன்றாவது ஆளாகத் தெரிவாகி இலண்டனுக்கு வந்தார். எல்லைக் கோட்டைக் கடந்ததும் தாமே வென்றதாக எண்ணி இன்னோர் அமெரிக்கரான பார்ணி யூவெல் மகிழ்ச்சிக் கூத்தாடினார். புகைப்படத்தை ஆராய்ந்த நடுவரோ டில்லாட்டே முதல்வர் எனத் தீர்த்தனர். டில்லாட்டுக்குக் குறிக்கப்பட்ட நேரம் 10.3 செக்கன், யூவெலுக்கு 10.4 செக்கன். நான்கு ஆண்டுகளின் பின் கெல்சிங்கியில் தமக்குரிய சட்டவேலி ஓட்டத்திலும் டில்லாட் தங்கம் வென்றார்.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1928 யூலை 31 ஆந் திகதி, அம்ஸ்ரடாம் நகரிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஒலிம்பிக் மெய்வல்லுநர் போட்டிகளிற் பெண்களுக்கு முதன்முறையாக இடமளிக்கப்பட்ட விழா அது. போலந்து நாட்டுக் கலீனா கொனோபாட்ஸ்கா பரிதிவட்டத்தை 39.62 மீற்றர் தூரம் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அவர் கவிதை நூலொன்றும் வெளியிட்டவர். 1939 இல் போலந்து தாக்கப்பட்டபோது, நாட்டின் பொன்னிருப்பை வெளியே கொண்டுசென்ற வண்டிகளுள் ஒன்றைத் தாமே ஓட்டியவர். அன்றே 100 மீற்றர் ஓட்டத்தில் 16 வயதுச் சிறுமி பெற்றி றொபின்சன் வென்றாள். இத்துணைச் சிறப்பிருந்தும், சில நாட்களிற் பின்பு பெண்களின் 800 மீற்றர் ஓட்டத்திலே சிலர் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அதனால் அவ்வோட்டம் 1960 வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஆடவரும் ஓடிக் களைத்து விழுவதுண்டு. அதற்காக அவர்களுக்கு எவரும் தடை விதித்ததில்லை.

2012 ஆம் ஆண்டு இதே திகதியில், மறுபடியும் இலண்டனில், அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ் அஞ்சல் நீச்சலில் தமது 19 ஆவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். சோவியத் உடற்பயிற்சி வீராங்கனை லற்றீனினா 1964 முதல் வைத்திருந்த 18 பதக்கச் சாதனை அன்று முறிந்தது.

கிரிக்கெட் ஆட்டத்தை விரும்புவோர்க்கோ இத்திகதி 1956 ஆம் ஆண்டையே நினைவூட்டும். மன்செஸ்ரர் நகரில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே நான்காவது ரெஸ்ற் ஆட்டம். சறே அணியின் சுழற்பந்து வீச்சாளர் ஜிம் லேக்கர் முதலாவது இனிங்ஸில் 37 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். இடையில் மழை ஆட்டத்தைக் குலைத்தது. கடைசி நாளான 31 ஆந் திகதி நண்பகலுக்குப் பின் வெயில் எறித்தது. ஈரம் உலரும் ஆடுகளத்திலே பந்து கூர்மையாகத் திரும்பலாயிற்று. மாலையில் ஆட்டம் முடிந்தபோது இரண்டாவது இனிங்ஸின் பத்து விக்கெட்டுகளும் லேக்கருடையனவே. கொடுத்த ஓட்டங்கள் 53. ஓர் ஆட்டத்தில் 90 ஓட்டங்களுக்கு 19 விக்கெட்டுகள்!

எஞ்சிய ஒன்றை எடுத்தவர் டொனி லொக். இதுதான் விந்தை. அவரும் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளர், அதே ஆடுகளம், இரண்டாவது இனிங்ஸில் 55 ஓவர்கள் வீசினார், ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. ஆடுகளம் வேண்டுமென்றே அமைக்கப்பட்டதென அவுஸ்திரேலியர் குறைப்பட்டனர். குறையில் நியாயமிருக்கலாம், ஆனால் ஆடுகளமே எல்லாவற்றையுஞ் செய்திருப்பின் லொக்குக்கும் பாதி கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? அன்றிரவு வீடு திரும்பும் வழியில் லிச்பீல்ட் எனும் ஊரின் மதுச்சாலையொன்றிலே லேக்கர் இளைப்பாறினார். அங்கிருந்தோர் தொலைக்காட்சியில் அவரது பந்துவீச்சையே பார்த்துக்கொண்டிருந்தனர். மூலையிலிருந்த அவரை ஒருவரும் அடையாளங் காணவில்லை.

ரெஸ்ற் இனிங்ஸ் ஒன்றின் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்துதலைப் பின்னர் 1999 இல் இந்தியாவின் அனில் கும்ப்ளேயும் 2021 இல் நியூசிலாந்தின் அஜாஸ் பட்டேலும் சாதித்தனர். கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 2002 சனவரியில் அதன் வாசல்வரை சென்றார். சிம்பாப்வேக்கெதிராக முதல் ஒன்பது விக்கெட்டுகளும் அவருக்கே கிடைத்தன. மறுநாட் காலையில் அவர் பந்திலே எழுந்த பிடியொன்று நழுவியது. பத்தாவது விக்கெட் மறுமுனையில் வீசிய சமிந்த வாஸுக்குப் போயிற்று. அவ்வாட்டம் நடந்த அஸ்கிரியா மைதானம் டங்கன் ஒயிற் படித்த திரித்துவக் கல்லூரிக்குரியது.