சென்னையில் ஓடிய மின்சார டிராம்

கடைத்தெருவுக்கு உயிர் கொடுப்பது ஜன நடமாட்டம். அந்த நடமாட்டத்தைக் கூட்டிவருவது போக்குவரத்து. இதற்கு நம் ஊர் டிராம் வண்டியே நல்ல உதாரணம்.

1895 மே 7ம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தாவில் 1902லும், பம்பாயில் 1907லும்தான் மின்சார டிராம் வந்தது. அதுவரை அங்கெல்லாம் குதிரை இழுத்த வண்டிகளே ஓடின.

ஆரம்பத்தில் தலைக்கு மேல் கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டி, அதற்குள் மின்கம்பியைப் பதித்திருந்தார்கள். மேலே ஒரு சிறிய பிளவு. வண்டியின் அடியிலிருந்து நீண்ட இரும்புத் துண்டு அதன் வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தில் தண்ணீரும் சேறும் நிரம்பினால் என்ன ஆகும்? வண்டி நின்றுபோகும். எனவே சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டினார்கள். இந்த ஊர் மழையைக் கணக்கில் எடுக்காமல் முதல் போட்டதற்குக் கொடுத்த விலை இது.

பாரிமுனை, மவுண்ட் ரோடு போன்ற வியாபார இடங்கள் வழியாக டிராம் ஓடியது. 1921ல் சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் இருந்தன. துறைமுகத்துக் கூலியாளும் கம்பெனி குமாஸ்தாவும் ஒரே வண்டியில் பயணம் செய்தார்கள். எங்கள் தந்தையார் சிறு வயதில் பாரிமுனைக்கு டிராமில்தான் போவாராம். டிராம் நிற்கும் இடத்தில் கடை கிடைத்தால் பாக்கியம் என்பார்.

பிறகு பஸ் வந்தது. டிராமுக்குத் தண்டவாளம் போட்ட இடம்தான் வழி. பஸ்ஸோ புதிதாகக் குடியேறிய பகுதிகளுக்கெல்லாம் போயிற்று. கம்பெனி நஷ்டத்தில் சிக்கி, 1953 ஏப்ரலில் டிராம் அடியோடு நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். டிராம் நிறுத்தத்தை நம்பியிருந்த கடைக்காரர்களும் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று.

1996ல் கொத்தவால் சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது இதே பாடத்தை நாமும் படித்தோம். 2015ல் மெட்ரோ ரயில் வந்தது. இன்னும் பல பாதைகள் வந்துகொண்டிருக்கின்றன. கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், இன்றைய கூட்டத்தை மட்டும் பார்க்காமல், பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் வியாபாரிகள் விசாரித்துக்கொள்வது நல்லது.