உப்பேரிக்கு வெல்லப்பாகு, ஆப்பிளுக்குக் கேரமல்

பழத்துண்டின் மேல் ஏற்றிய பாகு அப்படியே நிற்குமா, வழிந்து தட்டில் தேங்குமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று பாகின் பதம். மற்றது துண்டுக்குள் இருக்கும் ஈரம். கேரளத்துச் சர்க்கரை உப்பேரியும், அமெரிக்காவில் பிறந்து நம் வீட்டுப் பிள்ளைகள் வரை வந்துவிட்ட கேரமல் ஆப்பிளும் இவ்விரண்டையும் வெவ்வேறு வழியில் கையாளுகின்றன. உப்பேரியின் வழி பழையது, உறுதியானது. அதைச் செய்து பழகியவருக்கு ஆப்பிளில் தடுமாற்றம் வராது.

சர்க்கரை வரட்டி என்றும் சொல்லப்படும் உப்பேரி, ஓண விருந்தில் இலையின் இடது ஓரத்தில் வாழைக்காய் வறுவலோடு சேர்ந்து விழும் பண்டம். வறுத்த நேந்திரங்காய்த் துண்டின் மேல் வெல்லப்பாகு, அதற்கு மேல் சுக்கு, சீரகம், ஏலக்காய்ப் பொடி. இவற்றில் உப்பேரிக்குத் தனி முகத்தைக் கொடுப்பது சுக்கு. அந்தச் சுக்குக்குப் பேர்போன இடம் கொச்சியின் மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் யூதத் தெருவை ஒட்டிய சந்துகளிலும் மிளகு, ஏலம், சுக்கு மூட்டைகள் அடுக்கிய பழைய பண்டகசாலைகள் இருக்கின்றன. மிளகு வியாபாரிகளின் சங்கம் 1957-இல் முன்பேர வணிகத்தைத் தொடங்கியதும் இங்கேதான். பண்டகசாலைகளின் உள்முற்றத்தில் இஞ்சியைப் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். முறத்தில் புடைத்துத் தூசியும் தோலும் நீக்கி, பருமன் வாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். உலகச் சந்தையில் ‘கொச்சி இஞ்சி’ என்பது தனித் தரத்தின் பெயர். நார் குறைவு, உடைத்தால் எலுமிச்சை வாசம் லேசாக எழும். இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் என்ற சத்து உலரும்போது ஷோகால் என்ற சத்தாக மாறுகிறது. பச்சை இஞ்சியைவிடச் சுக்கு காரமாக இருப்பதற்கு அதுவே காரணம். வெளுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு நீரில் தோய்த்துக் காயவைத்த சுக்கும் கடையில் கிடைக்கும். வீட்டுப் பலகாரத்துக்குத் தோய்க்காத பழுப்புச் சுக்கே நல்லது. முழுசாக வாங்கி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, பிறகு மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். பொடியாகவே வாங்கி அலமாரியில் கிடந்த சுக்கில் வாசம் பாதிகூட மிஞ்சாது.

நேந்திரங்காய் முற்றியதாக இருக்க வேண்டும். ஆனால் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பழுக்கையில் காயின் மாவு சர்க்கரையாகிவிடும். அந்தக் காய் எண்ணெயில் சீக்கிரம் கறுக்கும், உள்ளே மெத்தென்று நிற்கும். திருச்சூர்ப் பக்கத்துச் செங்ஙாலிக்கோடன் நேந்திரன் புவிசார் குறியீடு பெற்ற வகை. ஓணத்தின்போது குருவாயூர் கோயிலில் காழ்ச்சக்குலை என்ற காணிக்கைத் தாராகச் சமர்ப்பிக்கப்படுவதும் அதுவே. அது கிடைக்காவிட்டால் எந்த நேந்திரனும் போதும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தோலை உரித்தால் கறை ஒட்டாது. உரித்த காயை மஞ்சள் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்து, துடைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அரை விரல் கனத்துக்குக் குறுக்கே நறுக்க வேண்டும். வறுவலைவிட இது நல்ல கனமான துண்டு. ஆகவே வறுக்கவும் அதிக நேரம் ஆகும்.

உப்பேரியின் தலையெழுத்து தீர்மானமாவது இந்த வறுவலில்தான். தேங்காய் எண்ணெயில், மிதமான தீயில், பொறுமையாக வறுக்க வேண்டும். துண்டுகள் விழுந்ததும் எண்ணெய் பொங்கி நுரைக்கும். காயிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதன் அடையாளம் அது. நேரம் போகப் போக நுரை அடங்கும், ஓசை மாறும். கரண்டியால் கிளறும்போது துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கூழாங்கல்போலக் கலகலக்க வேண்டும். அந்தச் சத்தம் வருமுன் எடுத்தால் மேலே சிவந்திருந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். தீயைக் கூட்டி அவசரப்பட்டாலும் அதே கதிதான். வறுத்ததை வடித்துப் பரப்பி, முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு பாகில் போட்டால் துண்டிலிருந்து எழும் ஆவி பாகை இளக்கிவிடும்.

ஒரு கிலோ காய்க்கு 300 கிராம் வெல்லம் சரியாக இருக்கும். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கிடைத்தால் அதை வாங்கலாம். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் வழியில் இருக்கிறது மறையூர். அதற்குப் பக்கத்து ஊரான காந்தளூர், கேரளத்தில் ஆப்பிள் விளையும் அபூர்வமான இடம். ஆக, உப்பேரிக்கு வெல்லமும் கேரமலுக்கு ஆப்பிளும் ஒரே மலைச்சரிவில் கிடைக்கின்றன.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, அடி கனத்த உருளியிலோ வாணலியிலோ காய்ச்ச வேண்டும். முதலில் ஒரு கம்பிப் பதம் வரும், அதற்குப்பின் இரண்டு கம்பி. ஒரு கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தால் கரையாமல் அடியில் திரண்டு, விரலால் உருட்ட இளகின உருண்டையாக வந்தால் அதுவே உப்பேரிக்கு ஏற்ற பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும் கெட்டி உருண்டைப் பதம் கடலை உருண்டைக்கு ஆகும், உப்பேரிக்கு ஆகாது. துண்டுகளைக் கொட்டிக் கிளறுவதற்குள் அந்தப் பாகு இறுகி, எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு தேக்கரண்டி சீரகப்பொடி, கொஞ்சம் ஏலப்பொடி சேர்த்து, வறுத்த துண்டுகளைக் கொட்டி விடாமல் கிளற வேண்டும். முதலில் பளபளவென்று ஈரமாகத் தெரியும். ஓரிரு நிமிடத்தில் பாகு மங்கி, வெளிறி, துண்டுகள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். கிளறக் கிளறச் சர்க்கரை மீண்டும் மணியாகப் படிவதால் வரும் மாற்றம் இது. அந்தச் சமயத்தில் இன்னும் கொஞ்சம் சுக்குப்பொடியும் பொடித்த சீனியும் தூவினால், உலர்ந்த பொடி மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், துண்டுகள் ஒட்டாது. சுக்கு இங்கே காரத்துக்கு மட்டும் இல்லை என்பது அப்போது தெரியும்.

வெல்லத்தில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஓரளவு கலந்திருக்கின்றன. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் ஃப்ரக்டோஸுக்கு அதிகம். ஓணம் வரும் ஆவணியில் கொச்சியில் மழை முழுதாக ஓய்ந்திருக்காது. காயல் காற்றும் சேரும். ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் உப்பேரி இரண்டு மூன்று வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். திறந்த தட்டில் ஒரு சாயங்காலம் வைத்தால் பிசுபிசுத்துவிடும்.

ஆப்பிளில் நிலைமை தலைகீழ். அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர், அதை வறுத்து விரட்டவும் முடியாது. அமெரிக்காவில் சிவப்புப் பாகு பூசிய ஆப்பிளை 1908-இல் நியூவார்க் நகர மிட்டாய்க்காரர் வில்லியம் கோல்ப் முதலில் செய்தார் என்றும், கேரமல் ஆப்பிள் 1950-களில் கிராஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த டான் வாக்கர் கண்ட வழி என்றும் சொல்வார்கள். அவை தோலோடு கூடிய முழுப் பழங்கள். தோலே ஈரத்துக்குத் தடுப்பு. துண்டு போட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். வெட்டிய சதையிலிருந்து சாறு கசிந்து கேரமலுக்கும் பழத்துக்கும் நடுவில் தேங்க, பூச்சு வழுக்கி இறங்குகிறது.

இதைக் குறைக்க வழி உண்டு. புளிப்பும் இறுக்கமும் உள்ள பச்சை ஆப்பிளைத் தேர்ந்தெடுத்து, தோல் மேல் மெழுகு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலோடு கனமான துண்டுகளாக வெட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் நிறம் மாறாது. அதன்பின் சுத்தமான துணியில் ஒற்றி ஒற்றி, கையில் ஈரம் தட்டாத அளவுக்கு உலர்த்த வேண்டும். இந்த இடத்தில் சோம்பினால் மீதி உழைப்பெல்லாம் வீண்.

கேரமலுக்கு 200 கிராம் சீனியைக் கால் டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். உப்பேரியில் கிளறிக் கிளறிப் பாகை மணிபடியச் செய்தோம். இங்கே கரண்டியே போடக் கூடாது. கிளறினால் சீனி பூத்து மணல்போல் ஆகிவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தப் பயம் குறையும். குலாப் ஜாமூன் பாகுக்கு நம்மவர்கள் செய்வதும் அதேதான். 160 டிகிரியைத் தாண்டியதும் பாகு பொன்னிறமாகி, பிறகு தேன் நிறமாகும். தேன் நிறத்தில் தீயைக் குறைத்து 50 கிராம் வெண்ணெய், அரை டம்ளர் சூடான கிரீம், ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். அது குபீரென்று பொங்கும். பாத்திரம் ஆழமாக இருப்பதும் குழந்தைகள் தள்ளி நிற்பதும் அவசியம். மறுபடி காய்ச்சி 118 முதல் 120 டிகிரிக்குக் கொண்டுவந்தால், தண்ணீரில் விட்ட சொட்டு சற்று இறுகிய உருண்டையாகத் திரளும். கொஞ்சம் ஆறிக் கெட்டிப்படும்போது துண்டின் பாதியை மட்டும் முக்கி எடுத்து, சொட்டை வழித்துவிட்டு, மேலே தூவ வேண்டியதை அந்தக் கணமே தூவ வேண்டும். வறுத்த வேர்க்கடலை, எள், உடைத்த முந்திரி, நொறுக்கிய நேந்திரங்காய் வறுவல் எதுவும் பொருந்தும். சுக்குப்பொடி ஒரு சிட்டிகை தூவினால் திகட்டாது. வெண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு வைத்தால் சிறிது நேரத்தில் இறுகும்.

செய்த துண்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. ருசி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 2014-இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் 12 மாநிலங்களில் 35 பேருக்கு லிஸ்டீரியா கிருமித் தொற்று ஏற்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குச்சி குத்திய இடத்தில் கசிந்த சாறு கேரமலுக்கு அடியில் தேங்கியதும், அந்த ஈரத்தில் கிருமி அறை வெப்பத்தில் வேகமாகப் பெருகியதும் பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தன. வெட்டிய துண்டில் சாறு இன்னும் அதிகம் கசியும். ஆகவே வந்திருப்பவர்களை எண்ணி அத்தனை துண்டுகளை மட்டும் முக்குங்கள். மீந்த கேரமலைப் புட்டியில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்; அடுத்த முறை லேசாகச் சூடாக்கினால் போதும்.